எல்லைக்குள் குடியிருந்தால் போதும்: இங்கிலாந்துக் கிராமத்து பாரிஷ் சர்ச் எப்படி இயங்குகிறது

"இங்கிலாந்தில் சர்ச்சுகளையெல்லாம் விற்று மதுக்கடை ஆக்கிவிட்டார்கள்" என்று ஒரு வீடியோ அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வரும். அதை அனுப்பியவரே இன்னொரு நாள், "அங்கே சர்ச் அரசாங்கத்துடையது, பாதிரியாருக்குச் சம்பளம் கஜானாவிலிருந்து போகிறது" என்பார். முதலாவது பேச்சு பாதி மட்டுமே உண்மை. விற்கப்பட்ட கட்டடங்களில் நிறைய மெதடிஸ்ட் போன்ற வேறு சபைகளுடையவை. இரண்டாவது முழுத் தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பாரிஷ் என்றால் என்ன என்று தெரியாதது. அது பிடிபட்டால், கிராமத்து சர்ச்சின் கதவு ஏன் திறந்தே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வரும் இடத்தை ஏன் ஊரே கட்டிக்காக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் ஒரு பெயர் விளக்கம். 1534-இல் எட்டாம் ஹென்றி மன்னர் போப்பின் அதிகாரத்தை உதறி, இங்கிலாந்தின் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் செய்தார். அந்தத் திருச்சபையும் உலகெங்கும் அதிலிருந்து கிளைத்த சபைகளும் சேர்ந்தே ஆங்கிலிக்கன் எனப்படுகின்றன. இங்கே நான் பேசப்போவது இங்கிலாந்தை மட்டும். வேல்ஸில் இந்தச் சபை 1920-இல் அரசிடமிருந்து பிரிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் தேசியத் திருச்சபை ஆங்கிலிக்கனே கிடையாது.

பாரிஷ் என்பது ஒரு நிலப்பரப்பு

நம் ஊர் கிராம நிர்வாக அலுவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் யாரும் சான்றிதழுக்கு அவரிடம் போகலாம். "நீ எனக்கு ஓட்டுப் போட்டாயா, சந்தா கட்டினாயா" என்று அவர் கேட்க முடியாது. எல்லைக்குள் இருக்கிறீர்கள், அதனால் நீங்கள் அவர் பொறுப்பு.

பாரிஷும் அப்படித்தான். அது வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த ஒரு நிலப்பகுதி. இங்கிலாந்தின் கிட்டத்தட்ட ஒவ்வொரு அங்குலமும் ஏதோ ஒரு பாரிஷுக்குள் வரும்; மொத்தம் சுமார் 12,500 பாரிஷ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரிஷ் சர்ச் உண்டு, சிலவற்றில் இரண்டு மூன்றும் உண்டு. அந்தக் கோட்டுக்குள் வாழும் எல்லோருடைய ஆன்மிகப் பொறுப்பும் அங்குள்ள குருவானவருடையது. அவர்கள் ஞாயிறு தவறாமல் வருபவர்களா, கடவுளே இல்லை என்பவர்களா, லண்டனிலிருந்து மாறி வந்த இந்துக் குடும்பமா என்பது கணக்கில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அங்குள்ள சி.எஸ்.ஐ. சபைகளில் பல ஆங்கிலிக்கன் மிஷன்கள் உண்டாக்கியவைதாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியபோது அவை அதில் இணைந்தன. பாடல், ஆராதனை முறை, அங்கி என்று எத்தனையோ இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆனால் சட்டப்படியான நில எல்லை மட்டும் கடல் கடந்து வரவில்லை. இங்கே சபை என்பது உறுப்பினர் பட்டியல். பெயர் பதிய வேண்டும், சங்கக் காணிக்கை கட்ட வேண்டும், பாக்கி இருந்தால் கல்யாண நேரத்தில் பேச்சு வரும். அந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்துக் கிராமத்து சர்ச்சைப் பார்த்தால், வராதவர்கள் அங்கே ஏன் இவ்வளவு உரிமை கொண்டாடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

எல்லைக்குள் இருப்பவருக்கு என்ன உரிமை?

மூன்று பெரிய உரிமைகள். பிறப்பு, கல்யாணம், சாவு ஆகிய மூன்றையும் ஒட்டியவை.

எல்லைக்குள் உள்ள ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டால் குருவானவர் மறுக்கக் கூடாது என்று திருச்சபை விதி சொல்கிறது. பெற்றோரைத் தயார்ப்படுத்தக் கொஞ்சம் அவகாசம் எடுக்கலாம். முடியாது என்று சொல்லி அனுப்ப முடியாது.

கல்யாணம் இன்னும் சுவையானது. பாரிஷில் குடியிருக்கும் ஓர் ஆணோ பெண்ணோ அந்த சர்ச்சில் மணம் செய்துகொள்ளச் சட்டப்படி உரிமை உள்ளவர். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றோ, வாராவாரம் வந்திருக்க வேண்டும் என்றோ நிபந்தனை கிடையாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் மணமக்கள் பெயரை வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர் சொல்லலாம்" என்று கேட்பார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசிப்பது என்பார்களே, அதுவேதான். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு நடைமுறை சற்று வேறு. 2008-இல் வந்த சட்டம் இந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. இப்போது அங்கே குடியிருக்காவிட்டாலும், முன்பு ஆறு மாதமாவது வசித்திருந்தாலோ, பெற்றோர் அந்த சர்ச்சில் மணந்திருந்தாலோ போதும்.

எல்லோருக்கும் என்று சொல்லும்போது விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். விவாகரத்தானவரின் பழைய துணை உயிரோடு இருந்தால், மணம் செய்துவைக்க மறுக்கும் உரிமை குருவானவருக்கு உண்டு. 2013-இல் ஒருபாலினத் திருமணம் சட்டமானபோது இங்கிலாந்து திருச்சபை அதற்கு வெளியே வைக்கப்பட்டது. இன்றும் அந்தத் திருமணங்கள் அங்கே நடப்பதில்லை. வாசலில் "அனைவரையும் வரவேற்கிறோம்" என்று பலகை வைத்திருக்கும் சபைகளுக்குள்ளேயே இதைப் பற்றிக் கடும் சண்டை நடக்கிறது.

மூன்றாவது, அடக்கம். சர்ச்சைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்து, அது மூடப்படாமலும் இருந்தால், பாரிஷில் வாழ்ந்தவருக்கும் அந்த எல்லைக்குள் இறக்க நேர்ந்தவருக்கும் அங்கே அடக்கம் பெற உரிமை உண்டு. இந்த இடம்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. கல் நாட்டத் தனி அனுமதி வேண்டும். பல இடங்களில் பளபளவென்று தேய்த்த கருப்புக் கிரானைட்டுக்குத் தடை. உள்ளூர்க் கற்களுக்கு நடுவே கண்ணை உறுத்துகிறதாம். கிருஷ்ணகிரிக்காரர்கள் மன்னிக்க.

இதுவரை சொன்னதன் சாரம்: பாரிஷ் ஒரு நிலப்பரப்பு. அதற்குள் குடியிருப்பதே தகுதி. ஆகவே வரவேற்பு என்பது குருவானவரின் நல்ல குணத்தை மட்டும் நம்பியது அல்ல, அவருடைய கடமையும்கூட.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

பாரிஷ் எல்லைகள் பெரும்பாலும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் 12-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் உருவாயின. நிலப்பிரபு தன் நிலத்தில் ஒரு சர்ச் கட்டுவார். அந்த நிலத்தில் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு குருவானவருக்குப் போகும். இதற்கு டைத் என்று பெயர். எந்த வயலின் தானியம் எந்த சர்ச்சுக்கு என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் எல்லைக்கோடு. வரைபடம் இல்லாத காலத்தில் அந்தக் கோட்டை நினைவில் வைக்க, ஈஸ்டருக்குப் பின் ஒரு நாள் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். எல்லைக்கல் வந்ததும் சிறுவர்களைத் தூக்கி அதில் இடிப்பார்கள்; வலித்தால் சாகும்வரை மறக்க மாட்டார்கள் என்ற கணக்கு. சில ஊர்களில் இந்த நடை இன்னும் உண்டு, இடி மட்டும் இப்போது விளையாட்டுக்கு.

போகப்போக அரசாங்கமும் இந்தக் கோட்டைப் பயன்படுத்திக்கொண்டது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். அரசின் பிறப்பு-இறப்புப் பதிவு தொடங்கியது 1837-இல்தான். அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் ஒரு சாதாரண ஆங்கிலேயர் பிறந்ததற்கும் செத்ததற்கும் அத்தாட்சி பெரும்பாலும் அந்தப் பாரிஷ் ஏடுதான். 1601-இன் ஏழைகள் சட்டம் வறியவர்களைப் பராமரிக்கும் வேலையையும் பாரிஷ் தலையில் வைத்தது. சாலை பராமரிப்பும் அங்கேதான். சர்ச்சை ஒட்டிய அறையில் கூடிய ஊர்க்கூட்டமே, வெஸ்ட்ரி என்ற பெயரில், கிராமத்தை ஆண்டது.

1894-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் கிராம நிர்வாகத்தைத் தனியாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களிடம் கொடுத்தது. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. இன்று பாரிஷ் கவுன்சில் என்றால் நம் ஊராட்சி மன்றம் மாதிரி. மதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சர்ச்சை நடத்தும் குழுவின் பெயர் பாரிஷ் சர்ச் கவுன்சில். செய்தித்தாள்களே சில நேரம் இரண்டையும் குழப்புகின்றன.

ஈம்: எல்லைக்கோடு உயிர் காத்த ஊர்

கிராமமும் சர்ச்சும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள ஈம் கிராமத்தை விட்டால் வேறு உதாரணம் தேட வேண்டாம்.

1665-இல் லண்டனில் பிளேக். அங்கிருந்து ஈமிலுள்ள ஒரு தையற்காரருக்குத் துணி மூட்டை வந்தது, கூடவே தெள்ளுப்பூச்சியும். செப்டம்பரில் முதல் சாவு. குளிர்காலத்தில் சற்று அடங்கிய நோய், 1666 கோடையில் மறுபடி கிளம்பியது. ஊரைவிட்டு ஓடினால் சுற்று வட்டாரமெல்லாம் பரவும்.

அப்போதைய குருவானவர் வில்லியம் மாம்பெஸன் இருபதுகளில் இருந்த இளைஞர், ஊருக்குப் புதியவர். மக்களுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்கள் மதித்தது முன்பு அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லியை. அரசு விதித்த புதிய ஜெபப்புத்தகத்தை ஏற்க மறுத்ததால் அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். கொள்கையில் எதிரெதிரான இந்த இருவரும் சேர்ந்து நின்று ஊரிடம் மூன்று விஷயங்களை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அவரவர் வீட்டு இறந்தோரை அவரவரே தோட்டத்திலோ வயலிலோ புதைப்பது. ஆராதனையை மூடிய சர்ச்சுக்குள் வைக்காமல் அருகிலிருந்த பள்ளத்தாக்கில், ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி நின்று நடத்துவது. ஊர் எல்லையை யாரும் தாண்டாதிருப்பது.

வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போனார்கள். கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு ஈம் மக்கள் விலை கொடுத்தார்கள். ஒரு பண்ணையில் ஒரு தாய், எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தார். மாம்பெஸனின் மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார். நோய் ஓய்ந்தபோது 14 மாதங்களில் சுமார் 260 பேர் போயிருந்தார்கள். அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவது, கிராம்வெல் தொடங்கிவைத்த அந்தப் பாரிஷ் பதிவேட்டு முறையால்தான். இன்றும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அதே பள்ளத்தாக்கில் நினைவு ஆராதனை நடக்கிறது.

அந்த முடிவு எவ்வளவு தூரம் மனமுவந்து எடுக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். வசதியுள்ள சிலர் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு விஷயம் மாறாது. அந்த நெருக்கடியில் ஊரைக் கூட்டிப் பேச வேறு ஆளும் இல்லை, வேறு அமைப்பும் இல்லை.

இப்போது யார் நடத்துகிறார்கள்?

பாரிஷின் குருவானவரை விகார் என்றோ ரெக்டர் என்றோ அழைப்பார்கள். பழைய காலத்தில் டைத் வரும்படியில் யாருக்கு எவ்வளவு என்பதில் வேறுபாடு இருந்தது. இன்று இரண்டும் பட்டப்பெயர் வித்தியாசம்தான். அவருக்குத் துணையாக சர்ச் வார்டன்கள் இருவர். ஆண்டுக்கொரு முறை கூட்டம் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சபையாரோடு, பாரிஷின் பொது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் ஓட்டளிக்கலாம்! சர்ச்சுக்குள் காலே வைக்காதவருக்கும் அந்த உரிமை உண்டு. வார்டனாக நிற்பவர் மட்டும் ஞானஸ்நானம் பெற்ற சபையாராக இருக்க வேண்டும். செலவு, பழுதுபார்ப்பு எல்லாம் பாரிஷ் சர்ச் கவுன்சிலின் பொறுப்பு. அதைச் சபையார் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கட்டடம் யாருடையது? காகிதத்தில் விகார் பெயரில். உள்ளிருக்கும் நாற்காலி, வெள்ளிப் பாத்திரம் முதலியன வார்டன்கள் பெயரில். இருவரும் எதையும் விற்க முடியாது. ஒரு பெஞ்சை அகற்றுவது, ஒரு கழிப்பறை கட்டுவது என்றால்கூட ஃபேகல்டி என்ற அனுமதி வாங்க வேண்டும். அதை வழங்குவது திருமண்டலத்தின் நீதிமன்றம். திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் கீழுள்ள பாரிஷ்களின் தொகுப்பு. பழைய மரப் பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போடலாமா என்ற ஒரே கேள்விக்காக ஊர் இரண்டுபட்டு வழக்காடுவதும் உண்டு.

சுருக்கமாக: நடத்துவது சபையாரில் சிலர், உரிமை எல்லோருக்கும், உடைமை என்று யாருக்கும் முழுதாகக் கிடையாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இங்குதான் அந்த வாட்ஸ்அப் வதந்தி உடைகிறது. மன்னர் இந்தத் திருச்சபையின் உச்சத் தலைவர், பேராயர்களில் 26 பேர் நாடாளுமன்ற மேலவையில் அமர்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் விகாரின் சம்பளம் அரசாங்கப் பணமல்ல. எல்லோர்மீதும் கட்டாயமாக விதித்த சர்ச் வரி 1868-இல் போனது. டைத் முறைக்கு 1936-இல் முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கி 1977-இல் கணக்கை முடித்தார்கள்.

இன்று ஒவ்வொரு பாரிஷும் காணிக்கையிலிருந்து ஒரு தொகையைத் திருமண்டலத்துக்கு அனுப்புகிறது. பாரிஷ் ஷேர் என்று பெயர். அதிலிருந்து சம்பளமும் விகாரின் வீட்டுச் செலவும் போகின்றன. சர்ச் கமிஷனர்ஸ் என்ற மைய அமைப்பிடம் 1,000 கோடி பவுண்டுக்கு மேல் முதலீடு இருக்கிறது. "இவ்வளவு வைத்துக்கொண்டு கூரைக்கு ஏன் உண்டியல் குலுக்குகிறார்கள்?" என்பது ஊர்க்காரர்களே கேட்கும் கேள்வி. அந்த வருமானம் பேராயர்கள், பேராலயங்கள், ஓய்வூதியங்கள், ஏழைப் பகுதிகளின் ஊழியம் என்று போகிறது. கிராமத்துக் கூரை ஒழுகினால் பொறுப்பு கிராமத்து சர்ச் கவுன்சிலுடையது. திருச்சபையிடம் உள்ள சுமார் 16,000 கட்டடங்களில் 12,000-க்கு மேற்பட்டவை பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். மலிவான தகரத்தைப் போட்டு மூடிவிட முடியாது. கூரையின் ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போவது வேறு. உள்ளே வௌவால் குடியேறினால் அதுவும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பீடத்தின்மேல் எச்சமிட்டாலும் விரட்ட முடியாது.

கடமை நிலத்தோடு ஒட்டியது என்பதற்கு ஒரு வினோதமான எச்சம் மிஞ்சியிருக்கிறது. பழைய டைத் நிலங்கள் சிலவற்றை இன்று வைத்திருப்பவர், பீடம் இருக்கும் பகுதியைத் தன் செலவில் பழுதுபார்க்க வேண்டும். அவருக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2003-இல் வாரிக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ கிராமத்தில் ஒரு பண்ணையின் உரிமையாளர்கள் இதை எதிர்த்து, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த மேலவை நீதிபதிகள்வரை போய்த் தோற்றார்கள். பெரும் தொகை கைவிட்டுப் போனது. 2013-க்குப் பின் இந்தப் பொறுப்பு நிலப் பதிவேட்டில் குறிக்கப்படாவிட்டால் புதிதாக வாங்குபவரைப் பொதுவாகத் தொடாது.

ஊருக்கு இன்று என்ன பயன்?

இங்கிலாந்துக் கிராமங்களில் கடை மூடியது, தபால் நிலையம் மூடியது, பள்ளி மூடியது, பேருந்தும் நின்றது. பல ஊர்களில் எஞ்சிய ஒரே பொது இடம் சர்ச். எல்லோருக்கும் கடமைப்பட்ட இடமென்பதால் அது வேறு வேலைகளையும் ஏற்கிறது. ஹெரிபோர்ட்ஷயரின் யார்போல் கிராமத்தில் 2009-இல் ஊர்க் கடையும் தபால் சேவையும் சர்ச்சுக்குள்ளேயே குடியேறின. உருளைக்கிழங்கு வாங்கவும் கடிதம் அனுப்பவும் வருகிறவர்கள் ஆராதனைக்கு வருகிறவர்களைவிட அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நார்ஃபோக்கில் கோபுரங்களில் கருவி பொருத்திக் கிராமங்களுக்கு இணையம் கொடுத்தார்கள். 2018-இல் அரசும் திருச்சபையும் இதற்கென்றே ஓர் உடன்பாடு செய்துகொண்டன.

மணியடிப்பது தனி உலகம். ஆங்கிலேயர் கோபுர மணியில் பாட்டு வாசிப்பதில்லை. மணிகளின் வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள் உண்டு, எதுவும் இருமுறை வராமல் அத்தனையும் அடித்துத் தீர்க்க அரை மணி நேரம் போல ஆகும். எட்டு மணிகளுக்கு 40,320. அதை 1963-இல் லஃபரோவில் சுமார் 18 மணி நேரம் விடாமல் அடித்து முடித்தார்கள். கயிறு பிடிப்பவர்களில் ஆராதனைக்கே தங்காமல் கிளம்பிவிடுபவர்களும் உண்டு. யாரும் தடுப்பதில்லை.

இன்னொன்று நமக்குத் தெரிந்ததே: அறுப்பின் பண்டிகை. இன்றைய வடிவில் அதைத் தொடங்கியவர் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ கிராமத்து விகார் ராபர்ட் ஹாக்கர், 1843-இல். நம் ஊரில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போகின்றன. அங்கே இப்போது டப்பா உணவுகள் சேர்ந்து இல்லாதவர்களுக்கான உணவு வங்கிக்குப் போகின்றன.

திணறல் எங்கே?

கடமை எல்லோருக்கும், ஆனால் தோள் கொடுப்பவர் சிலரே. இங்கிலாந்து முழுவதும் வாராந்தர வருகை 7 லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர். ஊர் விழாவுக்கும் கிறிஸ்துமஸ் பாடலுக்கும் நிரம்பும் சர்ச்சின் கூரைச் செலவை, சாதாரண ஞாயிறுக்கு வரும் பத்துப் பதினைந்து முதியவர்கள் சுமக்கிறார்கள். உரிமையை எல்லோருக்கும் கொடுத்த ஏற்பாடு, செலவை எல்லோரிடமும் வாங்கும் வழியை 1868-இல் இழந்துவிட்டது. என் பார்வையில் இந்த முறையின் உண்மையான விரிசல் இதுதான். நம்பிக்கை குறைந்தது மட்டும் காரணம் என்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

விளைவாக ஒரே விகாருக்கு ஐந்து, ஏழு, சில இடங்களில் அதற்கும் மேல் சர்ச்சுகள். ஆகவே எல்லா சர்ச்சிலும் எல்லா ஞாயிறும் ஆராதனை இருக்காது. முதல் ஞாயிறு இந்த ஊர், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊர் என்று முறை வைத்து நடக்கும். நுழைவு மண்டபத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழர்கள் தாங்கள் எந்த பாரிஷில் இருக்கிறோம் என்று அறிய விரும்பினால், திருச்சபையின் "ஏ சர்ச் நியர் யூ" தளத்தில் வீட்டின் தபால் குறியீட்டை இட்டால் போதும், விடை வந்துவிடும்.